பாக்கெட் பின்னால் இருக்கும் எண்கள்: பூச்சியா, பாசியா, பூஞ்சையா என்று கண்டுபிடிப்பது எப்படி

உணவுப் பாக்கெட்டின் பொருள் பட்டியலில், நிறத்துக்கும் பதத்துக்கும் ருசிக்கும் சேர்க்கும் பொருள்களை எண்ணால் குறிப்பார்கள். 412 என்று போட்டிருந்தால் அது கொத்தவரங்காய் விதை. 120 என்று போட்டிருந்தால் அது பூச்சி. முதலாவதைப் பார்த்து "ஐயோ கெமிக்கல்" என்று வைத்துவிட்டு, இரண்டாவதை "இயற்கை நிறம்தானே" என்று நிம்மதியாகக் கூடையில் போடுகிறவர்கள் நம் வீடுகளிலேயே நிறைய உண்டு. சைவம் கடைப்பிடிப்பவர்கள், விரதம் இருப்பவர்கள், ஹலால் பார்ப்பவர்கள், அலர்ஜி உள்ளவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை, கடையிலும் சொல்ல ஆள் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் பொருள் என்ன என்பதைத்தான் சொல்கிறது, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. சில எண்களுக்கு ஒரே ஒரு மூலம்தான், எண் தெரிந்தால் போதும். சில எண்களுக்கு இரண்டு மூன்று மூலங்கள், அங்கேதான் வேலை இருக்கிறது. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் லேபிள் படிப்பதில் முக்கால்வாசி முடிந்தது. இந்தியாவில் ஐஎன்எஸ் (சேர்பொருள்களுக்கான சர்வதேச எண்முறை) 471 என்பதும் ஐரோப்பியப் பாக்கெட்டில் ஈ471 என்பதும் ஒன்றேதான், முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பச்சைப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

இந்தியப் பாக்கெட் என்றால் முதலில் சைவ, அசைவக் குறி. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காக மாற்றினார்கள். நல்ல மாற்றம்.

பச்சை வட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் அசைவம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் விலங்கு, பறவை, பூச்சி, மீன், முட்டை எல்லாம் வருகின்றன, ஆனால் பால், தேன், தேன்மெழுகு, ஷெல்லாக் ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதாவது பூச்சி சுரக்கும் ஷெல்லாக் பூசிய மிட்டாய் மேலே பச்சை வட்டம் சட்டப்படி இருக்கலாம். பால் சாப்பிடும் சைவர்களுக்கு இதில் பலருக்குச் சிக்கல் இல்லை. பால், தேன்கூடத் தொடாத வீகன் ஆட்களுக்கும் சமணர்களில் கறாராக இருப்பவர்களுக்கும் பச்சை வட்டம் மட்டும் போதாது, 901 (தேன்மெழுகு), 904 என்ற இரண்டு எண்களையும் தேடிப் பார்க்க வேண்டும்.

904 என்பதுதான் ஷெல்லாக். நம் ஊர் அரக்குதான் அது. பலாசம், இலந்தை, குசும் மரக் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தம்மைச் சுற்றிப் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கின்றன. கிளையோடு வெட்டி, சுரண்டி, கழுவி, உருக்கி எடுத்தால் அரக்கு. உலகத்திலேயே அதிகம் எடுப்பது இந்தியாதான், அதிலும் ஜார்க்கண்ட் முன்னால் நிற்கிறது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள். பழைய 78 சுற்று கிராமபோன் தட்டும் இந்த அரக்கில் செய்ததுதான். இன்று பளபளக்கும் சாக்லேட் உருண்டை, சில மாத்திரைகளின் மேல்பூச்சு, இறக்குமதி ஆப்பிளின் மினுமினுப்பு என்று பல இடத்தில் இருக்கும். ஆப்பிளில் எப்போதும் அரக்குதான் என்று சொல்ல முடியாது, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து வரும் கார்னௌபா மெழுகாகவும் இருக்கலாம், அதன் எண் 903.

120: சிவப்பு எங்கிருந்து வந்தது

ஸ்ட்ராபெர்ரி தயிர், சிவப்பு மிட்டாய், சில சாசேஜ், இளஞ்சிவப்பு கேக் கிரீம். இவற்றில், முக்கியமாக இறக்குமதிப் பண்டங்களில், கார்மைன், கொச்சினீல், ஈ120, கார்மினிக் அமிலம், நேச்சுரல் ரெட் 4 என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஒன்றுதான். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சியின் பெண் இனத்தைச் சேகரித்து, காயவைத்து, அதிலிருந்து எடுக்கும் சாயம். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரு நாடுதான் இன்று இதில் முதலிடம்.

இதற்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து இந்தச் சாயத்தை விற்றுக் கொழுத்துக்கொண்டிருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அந்த ஆசை வந்தது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் 1780களின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். ஆனால் 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி வேறு இனம், அதன் சாயம் மட்டமானது. சாயத் தொழில் எழவில்லை, ஆனால் அந்தப் பூச்சி கள்ளியைத் தின்று அழிப்பதில் கெட்டிக்காரப் பூச்சியாக இருந்தது. பிறகு 1920களில் இலங்கையிலிருந்து இன்னோர் இனத்தைக் கொண்டுவந்து, தமிழ்நாட்டுப் புன்செய்க் காடுகளை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியை வேண்டுமென்றே அழித்தார்கள். இன்றும் ஊர்ப்பக்கம் கள்ளி மட்டையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பதை நசுக்கினால் விரலெல்லாம் சிவப்பாகும். உணவுக்கு எடுக்கும் இனம் அதுவல்ல, ஆனால் அதே குடும்பம்தான்.

கார்மைன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெயிலுக்கும் சூட்டுக்கும் மங்காத நல்ல நிறம், பெரும்பாலோருக்கு உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு சிலருக்குக் கடுமையான அலர்ஜி வருகிறது, அதனால்தான் அமெரிக்காவில் 2011 ஜனவரி முதல் "நிறம் சேர்க்கப்பட்டது" என்று பொதுவாகப் போடாமல் கார்மைன் என்று பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்று விதி வந்தது. மறுவருஷமே ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெர்ரி பானங்களில் கொச்சினீல் இருப்பதாக எதிர்ப்பு கிளம்பியதும், தக்காளியிலிருந்து வரும் லைக்கோபீனுக்கு மாறியது. ஆட்கள் கேட்டார்கள், மாற்றினார்கள். கேட்பதில் பயன் இருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

பூச்சி வேண்டாம் என்றால் லேபிளில் 162 பீட்ரூட், 163 திராட்சைத் தோல் போன்றவற்றின் நிறமி, 160சி மிளகாய், 160டி லைக்கோபீன் என்று இருப்பதைத் தேடுங்கள்.

இரண்டு மூலம் உள்ள எண்கள்

சிரமமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

471, அதாவது மோனோ மற்றும் டைகிளிசரைடு. ரொட்டி, ஐஸ்கிரீம், கேக் எல்லாவற்றிலும் இருக்கும். எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் வேலை. கொழுப்பிலிருந்து செய்வது, அந்தக் கொழுப்பு பாமாயிலாகவும் இருக்கலாம், மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ ஆகவும் இருக்கலாம், செய்து முடித்த பின் பொருள் ஒன்றேதான். 472 வரிசை முழுக்க, 422 கிளிசரால், 470, 570 எல்லாம் இதே கதை. இந்தியாவில் பச்சை வட்டத்தோடு 471 இருந்தால் தாவரக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, அங்கே வீகன் குறியோ நிறுவனத்தின் பதிலோதான் வழி.

631, டைசோடியம் இனோசினேட். சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, சூப் பொடி. நாக்கில் அந்த "இன்னும் கொஞ்சம்" ருசியைத் தூக்கிவிடுவது இது. 1913இல் ஜப்பானில் காய்ந்த சூரைமீனின் ருசியை ஆராயும்போது கண்டுபிடித்தார்கள். மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவு அல்லது சர்க்கரையை நுண்ணுயிரால் நொதிக்கவைத்தும் எடுக்கலாம். 635 என்று இருந்தால் அதற்குள்ளும் இது இருக்கிறது, 627ஐயும் 631ஐயும் கலந்ததுதான் 635. இந்த 631ஐ உதாரணமாக எடுத்துக்கொண்டு டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது: வெறும் எண்ணைப் போட்டால் போதாது, ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா, ஆய்வகத்திலா என்று சொல்ல வேண்டும், அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி என்று. சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனாலும் கடைக்குப் போய்ப் பாருங்கள், எண் மட்டும் போட்ட பாக்கெட்டுகள் இன்னும் நிறையத்தான் இருக்கின்றன.

920, எல்-சிஸ்டீன். ரொட்டி மாவை இளக்குவதற்கு. வாத்து, கோழி இறகிலிருந்தும் மனித முடியிலிருந்தும் எடுத்த பொருள் இது, இப்போது நொதித்தல் முறையிலும் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மனித முடியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது.

சீஸ் வாங்கும்போது ரென்னெட் என்ற சொல்லைத் தேடுங்கள். பாலைத் திரிக்கும் நொதி, மரபுப்படி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. நுண்ணுயிரிலிருந்து எடுத்தது என்றால் மைக்ரோபியல் ரென்னெட் என்று போடுவார்கள், பச்சை வட்டமுள்ள இந்தியச் சீஸ் எல்லாம் அந்த வகை. இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ மட்டும் விதிப்படியே கன்று ரென்னெட்டில்தான் செய்யவேண்டும், அதில் சைவ வகை என்று ஒன்று கிடையாது.

வைட்டமின் டி3 சேர்த்த உணவு என்றால் அது பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் இருக்கும் பிசுக்கிலிருந்து செய்தது. ஆட்டைக் கொல்வதில்லை, ரோமம் கழுவும்போது கிடைப்பது. டி2 என்று போட்டிருந்தால் ஈஸ்ட் அல்லது காளான். ஜெலட்டின் பற்றி உங்களுக்கே தெரியும், மாட்டின், பன்றியின் தோலும் எலும்பும். ஹலால் குறி இருந்தால் பன்றி இல்லை என்றுதான் அர்த்தம், சைவம் என்று அர்த்தமில்லை. ஜெலட்டின் உறை போட்ட மருந்துக் கேப்சூல் உணவு லேபிள் விதியில் வராது, ஆகவே அங்கே பச்சை வட்டத்தைத் தேடிப் பயனில்லை, மருந்துக் கடையில் கேட்டுத்தான் ஆகவேண்டும். மது அருந்துபவர்களுக்கு ஒரு தகவல்: சில பீர், ஒயின் வகைகளைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையைப் பயன்படுத்துகிறார்கள், லேபிளில் பெரும்பாலும் வராது.

கடலிலிருந்து வருபவை

406 அகர், 407 காராஜீனன், 401 சோடியம் ஆல்ஜினேட். மூன்றும் பாசி. பெயரைக் கேட்டால் ஆய்வகத்துப் பொருள் மாதிரி இருக்கும், ஆனால் ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களைக் கேட்டால் அவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அகருக்குப் போவதை மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்பார்கள், ஆல்ஜினேட்டுக்குப் போவது கட்டக்கோரை. காய்ந்த பாசி மதுரைப் பக்க ஆலைகளுக்குப் போய் நம் வீட்டுச் சைனா கிராஸாக வருகிறது. 2000க்குப் பிறகு காராஜீனனுக்கான கப்பாஃபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கவும் தொடங்கினார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆனபிறகு, தலைமுறையாகப் பாசி எடுத்த இடத்துக்கே இந்தப் பெண்கள் பயந்து பயந்து போகவேண்டிய நிலை வந்தது. ஐஸ்கிரீம் கப்பில் 407ஐப் படிக்கும்போது இவர்களையும் நினைத்துக்கொண்டால் நல்லது.

பெயர் மிரட்டும், மூலம் மிரட்டாது

330, சிட்ரிக் அமிலம். நாம் எலுமிச்சை உப்பு என்று வாங்குவது. எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. வெங்காயத் தோலில் கரியைத் தடவியது போலப் படியும் கரும்பூஞ்சை இருக்கிறதே, அஸ்பர்ஜில்லஸ் நைஜர், அதற்குச் சர்க்கரைப்பாகைக் கொடுத்துத்தான் செய்கிறார்கள். 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர் இந்த வழியைக் கண்டார், அதற்குமுன் இத்தாலி எலுமிச்சையை நம்பித்தான் உலகமே இருந்தது. வடிகட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் வருகிறது, பயம் வேண்டாம்.

415 சாந்தன் கம், முட்டைக்கோஸில் கருப்பழுகல் நோயை உண்டாக்கும் அதே பாக்டீரியா சுரக்கும் கோந்து. 414 கருவேல இனத்து மரப்பிசின், பெரும்பகுதி சூடானிலிருந்து வருகிறது. 621 அஜினமோட்டோ, 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா பிரித்தெடுத்தார், இப்போது கரும்புக் கழிவுப்பாகு அல்லது மரவள்ளி. 460 செல்லுலோஸ், பெரும்பாலும் மரக்கூழ். 211 என்ற பதப்படுத்தியின் (சோடியம் பென்சோயேட்) ஆதி மூலமான பென்சாயிக் அமிலத்தை முதன்முதலில் எடுத்தது நாம் வீட்டில் புகை போடும் சாம்பிராணியிலிருந்து, ஆனால் இன்று பாக்கெட்டில் இருப்பது பெட்ரோலியத்திலிருந்து செய்தது. சாம்பிராணி என்று சொல்லி யாராவது "இயற்கைப் பதப்படுத்தி" என்று விற்றால் நம்ப வேண்டாம்.

412 கொத்தவரை பற்றி இன்னும் ஒரு வரி: உலக உற்பத்தியில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் ராஜஸ்தான். 2012 வாக்கில் அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளுக்கு இந்தக் கோந்து தேவைப்பட்டு விலை எகிறியபோது ஐஸ்கிரீம் கம்பெனிகளும் சேர்ந்து திண்டாடின.

வனில்லா ஐஸ்கிரீமில் நீர்நாய் போன்ற பீவரின் சுரப்பி இருக்கிறது என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுரப்பை ஒருகாலத்தில் வாசனைக்குச் சேர்த்தது உண்மை, இன்று அது அவ்வளவு அரிது, அவ்வளவு விலை, சாதாரண ஐஸ்கிரீமில் யாரும் போட மாட்டார்கள். மலிவு வனில்லின் பெட்ரோலியப் பொருளிலிருந்தோ, மரக்கூழிலிருந்தோ, கிராம்பு எண்ணெயிலிருந்தோ வருகிறது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை

லேபிள் இல்லாத ஜெல்லிப் பொடி கிடைத்தால் இரண்டு கிண்ணத்தில் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறியதும் ஒன்றில் மட்டும் பச்சை அன்னாசிச் சாறு விட்டுக் குளிரவையுங்கள். டின் அன்னாசி ஆகாது, சூடேற்றியதால் அதன் நொதி செத்திருக்கும். ஜெலட்டின் என்றால் அன்னாசி விட்ட கிண்ணம் உறையவே உறையாது, ஏனென்றால் அந்த நொதி புரதத்தை அறுத்துவிடும். பாசி என்றால் இரண்டும் உறையும். செய்து வைத்த ஜெல்லி என்றால் ஒரு துண்டைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் போடுங்கள், ஜெலட்டின் கரையும், அகர் அசையாது, அது உருக 85 டிகிரி வரை வேண்டும். கம்மி மிட்டாய்க்கு இந்தச் சோதனை சரிவராது, அதில் சர்க்கரை அதிகம்.

மஞ்சள் நிறம் மஞ்சள்கிழங்கா என்று தெரியவேண்டும் என்றால் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு, ஆரத்தி கரைப்பது மாதிரிச் சிவந்தால் மஞ்சள். ஜாமின் ஊதாச் சிவப்பில் சோடா உப்புக் கரைசல் விட்டு அது நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பழத்தோல் நிறமி. மாறாவிட்டால் அவசரப்பட்டுப் பூச்சி என்று முடிவு கட்டாதீர்கள், செயற்கை நிறமும் மாறாது.

அப்புறம், எழுதிக் கேளுங்கள்

இந்தியப் பாக்கெட்டில் நுகர்வோர் தொடர்பு எண்ணும் மின்னஞ்சலும் கட்டாயம் இருக்கும். போனில் கேட்டால் "சைவம்தான் சார்" என்று முடித்துவிடுவார்கள், ஆகவே மின்னஞ்சல். "இது சைவமா?" என்று கேட்காதீர்கள், ஒரு சொல்லில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "உங்கள் இன்ன பண்டத்தில் உள்ள 471, 635 ஆகியவை எந்த மூலப்பொருளிலிருந்து செய்யப்பட்டவை? தாவரமா, விலங்கா, நுண்ணுயிரா? விலங்கு என்றால் எந்த விலங்கு?" பண்டத்தின் பெயர், பேட்ச் எண், லேபிளின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வந்தால் தேதியோடு எடுத்துவையுங்கள், நிறுவனங்கள் மூலப்பொருள் தருபவரை மாற்றும்போது இதுவும் மாறலாம், அதனால் அடிக்கடி வாங்கும் பண்டங்களுக்கு அவ்வப்போது திரும்பக் கேட்பது நல்லது. பேக்கரியில் உதிரியாக வாங்கும் கேக், ரொட்டிக்கு இந்த வழி எதுவும் இல்லை, அங்கே அவர்கள் வாங்கும் கேக் ஜெல், பிரெட் இம்ப்ரூவர் டப்பாவின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்த கடைக்காரர் என்றால் காட்டுவார்.